படகில் வரும் நாய்க்குக் கரை இல்லை

ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர்தான். தடுப்பூசி, மைக்ரோசிப், சான்றிதழ் எல்லாம் சரியாக இருக்கிற நாய் ஒன்று பிரான்சிலிருந்து பயணிகள் கப்பலில் ஏறி இங்கிலாந்தில் இறங்கலாம். கடலடிச் சுரங்க ரயிலில், காரின் பின்னிருக்கையில் படுத்தபடியும் வரலாம். அதே நாய், அதே காகிதங்களோடு, எஜமானரின் சொந்தப் பாய்மரப் படகில் வந்தால் மட்டும் பிரிட்டன் ஏற்காது. அயர்லாந்து போன்ற பக்கத்துத் தீவுகளிலிருந்து வருவதற்குத்தான் விலக்கு.

பணக்காரர்களின் படகு மேல் அரசுக்கு அப்படி என்ன கோபம் என்று தோன்றலாம். கோபம் படகின் மேல் இல்லை. பயணிகள் கப்பலில் நாய் ஏறுவதற்கு முன்பே கப்பல் நிறுவனத்து ஆள் சிப்பைப் படித்து, காகிதத்தோடு ஒப்பிட்டுவிடுகிறார். தவறு நடந்தால் அந்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சொந்தப் படகில் அப்படி யார் இருக்கிறார்கள்? மாலுமியும் அவரே, சோதனையாளரும் அவரே. வழியில் எந்தத் தீவில் நங்கூரமிட்டார், அந்தக் கரையில் நாய் எதனிடம் கடிபட்டது என்பதற்கும் அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. இருட்டில் ஆளில்லாத கழிமுகத்தில் ஒதுங்கிவிட்டால் அதுவும் இல்லை.

இத்தனை அச்சத்துக்கும் முதல் காரணம் ரேபிஸ். இந்த வைரஸ் ரத்தத்தில் பாய்ந்து பரவுவதில்லை. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், விளையாடும். பரிசோதனைக்கூடத்திலும் இந்தக் கட்டத்தில் எதுவும் பிடிபடாது. மூளையை எட்டிய பிறகுதான் வைரஸ் உமிழ்நீருக்கு இறங்குகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் அதற்குப் பின் மருந்து கிடையாது. ஆகவே துறைமுகத்தில் ஒரு மருத்துவர் நாயைப் புரட்டிப் பார்த்து ‘ஆரோக்கியம்’ என்று எழுதிக் கொடுப்பதால் பயனில்லை. காலம்தான் சோதனை.

பிரிட்டனின் பழைய ஆறு மாதத் தனிமைப்படுத்தல் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். 1902-ல் அந்நாடு ரேபிஸை ஒழித்துக் கட்டியிருந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் 1918-ல் நோய் மறுபடி நுழைந்தது. 1922-ல்தான் விரட்ட முடிந்தது. ஆறு மாதமும் முழுக்காப்பு இல்லை என்பதை 1969-ல் கேம்பர்லி நகரம் கண்டது. ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிரிட்ஸ் என்ற நாய் ஆறு மாதத்தை ஒழுங்காக முடித்து வீடு திரும்பிய சில நாட்களிலேயே வெறிபிடித்தது. நோய் காட்டு விலங்குகளுக்குத் தாவியிருக்குமோ என்று பயந்து சுற்றுவட்டாரக் காடுகளில் நரிகளைச் சுட்டார்கள்.

2000-ஆம் ஆண்டில் வந்த புதிய திட்டம் கூண்டுக்குப் பதிலாகக் காகிதத்தை வைத்தது. முதலில் தோலுக்கடியில் அரிசிமணி அளவுக்கு ஒரு மைக்ரோசிப். அதில் பேட்டரி கிடையாது; படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். சிப் வைப்பதற்கு முன் போட்ட தடுப்பூசி கணக்கில் சேராது, ஏனென்றால் ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போகும் நாய்க்கு, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அதன் பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று மாதத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊசி வேலை செய்யட்டும் என்பதற்காக அல்ல அந்தக் காத்திருப்பு. ஊசி வேலை செய்ததை ரத்தமே சொல்லிவிட்டது. ஊசிக்கு முன்பே நாய் கடிபட்டிருந்தால்? உள்ளே பதுங்கியிருக்கும் நோய் வெளியே வர அவகாசம் வேண்டுமே, அதற்குத்தான்.

ரேபிஸோடு நாடாப்புழு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பிய நரிகளிடம் வாழும் அந்தப் புழு மனிதரின் கல்லீரலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளரும். பிரிட்டனுக்கு வரும் நாய்க்குக் கரை சேர்வதற்கு 24 மணி நேரம் முதல் 120 மணி நேரம் முன்பாக மருத்துவர் புழுமருந்து கொடுத்திருக்க வேண்டும். நேர அட்டவணைப்படி ஓடும் கப்பலுக்கு இது எளிது. காற்றை நம்பிப் போகிற பாய்மரப் படகு எந்தக் கணக்கில் வந்து சேரும்?

ஆஸ்திரேலியா வேறு வழியில் போகிறது. படகு வரலாம், நாயும் அதில் இருக்கலாம், ஆனால் இறங்கக் கூடாது. வந்து சேர 12 மணி நேரத்துக்கு முன்பாவது தகவல் தர வேண்டும், அனுமதிக்கப்பட்ட துறைமுகத்துக்குத்தான் வர வேண்டும். மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு, அதிகாரி ஏறிப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் ஆஸ்திரேலியக் கடலில் இருக்கும் நாள் முழுக்க நாய் படகோடு படகாக அடைபட்டுத்தான் இருக்கும். மாலையில் கடற்கரையில் ஒரு சின்ன நடைகூடக் கிடையாது. கொடுமை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்தக் கண்டத்தில் நாய் ரேபிஸ் இல்லை. ஒருமுறை டிங்கோக்களிடமும் நரிகளிடமும் அது புகுந்துவிட்டால், பாலைவனம் முழுக்கத் துரத்தி யார் ஊசி போடுவது?

2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரு குட்டி நாய்களைத் தனி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அறிவிக்காமல் கொண்டுவந்தார்கள். வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ், நாய்கள் வெளியேற வேண்டும், இல்லையென்றால் கொல்லப்படும் என்று கெடு வைத்தார். நாய்கள் விமானம் ஏறின. தனிப்பட்ட வாகனத்தின் மேல் இந்த நாடுகளுக்கு ஏன் சந்தேகம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியிருக்க முடியாது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடக் கறாரான ஊர் உண்டு. ரேபிஸ் இல்லாத லட்சத்தீவில் நாய்க்கே அனுமதி இல்லை.

உலகம் சுற்றும் படகுக்காரர் தன் நாயை ஆஸ்திரேலிய மண்ணில் இறக்கியே தீர வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியா ஏற்றுக்கொள்ளும் வேறொரு நாட்டில் நாயை இறக்கி, சோதனைகளை முடித்து, விமானத்தில் மெல்பர்னுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மிக்கிள்ஹாம் தனிமைப்படுத்தும் நிலையத்தில் குறைந்தது 10 நாள் இருக்கும். அனுப்பும் நாட்டு அரசு அதன் அடையாளத்தை முன்கூட்டியே உறுதிசெய்யவில்லை என்றால் 30 நாள். எதிர்க்காற்று பிடித்துவிட்டால், எஜமானர் பாய் விரித்து வந்து சேர்வதற்குள் நாய் தன் 10 நாளை முடித்திருக்கவும் கூடும்.