இழப்புக்குப் பின் – 8: தீர்ப்பு வரும்வரை துக்கம் காத்திருக்க வேண்டாம்

நோயில் தகப்பனை இழந்த பிள்ளைக்குக் கோபப்பட ஆள் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் மோதி அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு ஆள் இருக்கிறார். அவர் பெயரும் வண்டி எண்ணும் போலீஸ் பதிவில் இருக்கின்றன. தடுத்திருக்கக்கூடிய சாவு என்பதால் அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது. 'கேஸ் முடியட்டும், அவன் உள்ளே போகட்டும், அப்புறம்தான் மனசு ஆறும்' என்று இத்தகைய வீடுகளில் பேசுவது இதனால்தான். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் மனம் ஆறுவதைத் தீர்ப்போடு முடிச்சுப் போட்டால், இழந்தவர்களுக்கே அது இரண்டாவது தண்டனையாகிவிடும்.

நீதிமன்றங்களின் வேகத்தைப் பாருங்கள். 1999 ஜனவரியில் டெல்லியில் சஞ்சீவ் நந்தா ஓட்டிய பி.எம்.டபிள்யூ கார் மோதி 6 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 2012-ல். அவர் ஏற்கெனவே அனுபவித்த 2 ஆண்டுச் சிறையே போதும் என்றது அது. 2006-ல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள் 7 பேரைக் கொன்ற அலிஸ்டர் பெரேராவுக்குக் கிடைத்தது 3 ஆண்டுகள். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இறந்தவரின் வருமானத்தையும் வயதையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. பெற்றோரின் அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்காகப் பிள்ளைக்கும் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதே 2018-ல்தான். அதற்கு அடிப்படையாக இருந்த தொகை 40,000 ரூபாய். அந்தப் பணம் குடும்பத்துக்கு உரியது, கேட்டு வாங்கவே வேண்டும். ஆனால் எந்தத் தொகையையும் எந்தச் சிறைக்காலத்தையும் ஒரு தாயின் எடைக்கு எடையாக வைக்க முடியாது. முடியும் என்று நம்பிக் காத்திருப்பவருக்குத் தீர்ப்பு நாளும் ஏமாற்றமாகவே முடியும்.

அப்படியானால் எதைப் பிடித்து எழுவது? அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மனும் பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எஞ்சியிருக்கும் பெற்றோர் எவ்வளவு நிலைகொண்டு நடமாடுகிறார் என்பதே பிள்ளையின் தேறுதலை அதிகம் தீர்மானித்தது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, இவர்களின் சிரமம் முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் கூடுதலாகத் தெரிந்தது. நம் வீடுகளிலோ தலைத்திவசம் முடிந்ததும் 'தேறிவிட்டான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். சாப்பாடு, பள்ளிக்கூடம், தூக்கம் ஆகியவற்றில் ஓர் ஒழுங்கு, வயதுக்கேற்ற உண்மை, போனவரைப் பற்றித் தயங்காமல் பேச இடம்: இந்த மூன்றுக்கும் நீதிபதியின் கையெழுத்து தேவையில்லை.

'இப்படிச் சொன்னால் குற்றவாளிக்குத்தானே வசதி?' என்று கேட்கலாம். வழக்கைக் கைவிடச் சொல்லவில்லை. அதைப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று நடத்தட்டும். பிள்ளையின் ஒவ்வொரு நாளும் வாய்தா தேதியைச் சுற்றி ஓட வேண்டாம். போராட்டமே மருந்தாகாதா என்பது அடுத்த கேள்வி. போதையில் ஓட்டியவரால் 13 வயது மகளை இழந்த கேண்டி லைட்னர் 1980-ல் தொடங்கிய தாய்மார் இயக்கம், அமெரிக்கச் சட்டங்களையே மாற்றியது. அவரே 1985-ல் அதிலிருந்து விலகினார்; 1990-ல் துக்கத்தை எதிர்கொள்வது பற்றி இன்னொருவருடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். மகத்தான வெற்றிக்குப் பிறகும் துக்கம் தனக்குரிய நேரத்தைக் கேட்கத்தான் செய்கிறது. இன்னும் சிலர் 'மன்னித்துவிடு, நிம்மதி வரும்' என்பார்கள். மன்னிப்பு இழந்தவரின் உரிமை. அதைக் கடமையாக்க எவருக்கும் அதிகாரமில்லை. மன்னிக்காமலும் ஒருவர் தேறலாம், சிரிக்கலாம், வழக்கையும் விடாமல் நடத்தலாம். குற்றவாளிக்கு உரிய தண்டனையைச் சட்டத்திடம் உரக்கக் கேளுங்கள். பிள்ளைக்கு உரிய ஆறுதலை இன்றே, வீட்டிலேயே கொடுக்கத் தொடங்குங்கள்.

(தொடரும்)