‘பிறகு’ என்று தள்ளிப்போடும் ‘அப்டேட்’

“புதிய பதிப்பை இன்றிரவு நிறுவலாமா?” என்று திறன்பேசி கேட்டால் ‘பிறகு’ என்று தட்டிவிடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய இணைப்பைத் தொடாதவரை ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம்.

அந்த நம்பிக்கை 2023 செப்டம்பரில் ஆட்டங்கண்டது. ஐமெசேஜில் வரும் தீங்கான படம் ஒன்றே ஐஃபோனுக்குள் வேவு மென்பொருளை இறக்கிவிடும் என்பதை டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. பயனாளர் எதையும் தட்ட வேண்டியதில்லை. செப்டம்பர் 7ஆம் தேதி ஐஓஎஸ் 16.6.1 பதிப்பை வெளியிட்டு ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது.

ஆனால், திருத்தம் வெளிவந்த பிறகுதான் தாமதிப்போருக்கு ஆபத்து கூடுகிறது. பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்பதை ஊடுருவிகள் கண்டுபிடித்துவிடலாம்.

பிள்ளைகள் பயன்படுத்திய பழைய கைப்பேசியில் வங்கிச் செயலியை வைத்திருக்கும் மூத்தோருக்குச் சிக்கல் வேறு. ‘அப்டேட்’ அறிவிப்பே வராததால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில், நிறுவனம் அந்த மாடலுக்குத் திருத்தம் அனுப்புவதையே நிறுத்தியிருக்கலாம். கேலக்சி எஸ்24 வரிசைக்கு சாம்சுங் 7 ஆண்டு உறுதி தந்துள்ளது. முந்தைய பல மாடல்களுக்கு அவ்வளவு காலம் இல்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும். அது ஓராண்டுக்கு முந்தையது என்றால், வங்கிச் செயலியை வேறு கைப்பேசிக்கு மாற்றுவது நல்லது.