புள்ளியைத் தொலைத்த நிரல்

பாட்டி இருந்த காலத்தில், தோட்டத்தில் வாழ்ந்த உறவினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அம்மா அவற்றைத் தட்டெழுதி வைத்தார். பாட்டி காலமான பிறகு, அந்தப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கித் தர நான் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்.

என் மேக் கணினியில் சோதித்தபோது நன்றாக ஓடிய நிரல், அம்மாவின் விண்டோஸ் மடிக்கணினியில் கோப்பைப் படிக்கும் வரியிலேயே நின்றுவிட்டது. முதல் பெயர் 'அஞ்சலை'. அதிலிருந்த ஒரு பைட்டைப் படிக்க முடியவில்லை என்றது பிழைச் செய்தி. அந்த பைட்டின் மதிப்பு 141.

அவசரத்தில் ஒரு குறுக்கு வழி எடுத்தேன். படிக்க முடியாததை விட்டுவிட்டு மேலே போகும்படி நிரலுக்குச் சொல்லலாம், சொன்னேன். நிரல் ஓடியது. அதே கோப்பின் மேலேயே எழுதியும் முடித்தது. திறந்து பார்த்தால் ஒரு பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. 'அ' இருந்த இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மூன்று புள்ளிகள்.

என்ன நடந்தது? கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'அ' என்பது 224, 174, 133. எந்த முறை என்று நான் நிரலில் குறிப்பிடவில்லை. அதனால் பைத்தான், அந்தக் கணினியில் இருந்த 1252 என்ற பழைய அட்டவணையை எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. ஆகவே ஓர் 'அ' மூன்று குறிகளாயிற்று.

அந்த அட்டவணையில் 129, 141 உட்பட ஐந்து இடங்கள் காலி. மெய்யெழுத்தின் புள்ளி 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. என் குறுக்கு வழி இரண்டிலும் கடைசி பைட்டை உதிர்த்துவிட்டது. மிஞ்சிய 224, 175 புள்ளியா, உகரமா என்று கோப்பை வைத்துச் சொல்ல வழியே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பாட்டியும் இல்லை.

நல்லவேளை, அம்மா அந்தக் கோப்பைப் புலனத்தில் அத்தைக்கு முன்பே அனுப்பியிருந்தார். அத்தையின் கைப்பேசியிலிருந்து அது திரும்பக் கிடைத்தது.

சரிசெய்ய ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. கோப்பைத் திறக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் 'யூடிஎஃப்-8' என்று குறிப்பிட்டேன். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பான முறை என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் பழைய பதிப்புகள் பல கணினிகளில் இருக்கும். நீங்களே எழுதிவிடுவது நல்லது. பிழைச் செய்தியின் வாயை அடைக்காதீர்கள். மூலக் கோப்பின் மேல் எழுதாதீர்கள்.

இப்போது பட்டியல் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. முதல் பெயர் அஞ்சலை, புள்ளியோடு.