ஒரு கதிர், இரு தட்டு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை முன்னாளில் மீட்டர்ப் பாதையாக இருந்தது. தண்டவாளங்கள் இரண்டற்கும் இடையே இருந்த வெளி 1000 மில்லிமீட்டர். இன்று அஃது அகலப் பாதை. இடைவெளி 1676 மில்லிமீட்டர். மீட்டர்ப் பாதைக்கெனச் செய்த வண்டி எத்துணை வலிமை உடையதாயினும் அகலப் பாதையில் ஓடாது. வண்டியிலும் குறையில்லை, பாதையிலும் குறையில்லை, ஒன்றற்கு மற்றொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. பொருள்கள் தம்முள் பொருந்துமாறு முன்னரே வகுத்துக்கொள்ளும் அளவொழுங்கை அமைப்பு முறை என்று கூறலாம். ஒரே தொழிலுக்கு இரண்டு அமைப்பு முறைகள் தோன்றிப் போட்டியிடுமாயின், இடையில் அகப்பட்டு இடர்ப்படுவோர் பொருளை விலைகொடுத்து வாங்கும் மக்களே ஆவர். அத்தகைய போட்டி ஒன்று, வீட்டிலிருந்தே திரைப்படம் காண்பதற்கு உதவும் ஒளித்தட்டுகளில், 2006ஆம் ஆண்டு முதல் 2008ஆம் ஆண்டு வரை நிகழ்ந்தது.

ஒளித்தட்டு என்பது 12 செண்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகடு. அதனுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பள்ளங்கள் சுருள்வழியில் அமைந்துள்ளன. லேசர் என்னும் ஒளிக்கதிர் அப்பள்ளங்களின்மீது பட்டுத் திரும்பும் வேறுபாட்டைக் கருவி உணர்ந்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகின்றது. ஏட்டுச்சுவடி எழுதியவர்களை எண்ணிப் பாருங்கள். எழுத்தாணியின் முனை மழுங்கியதாயின் ஓர் ஓலையில் நான்கு வரிகளே அடங்கும்; கூரியதாயின் எட்டு வரிகளும் அடங்கும். ஒளித்தட்டிலும் நிலைமை இதுவே. டி.வி.டி. தட்டைப் படிப்பது செந்நிறக் கதிர். அதன் அலைநீளம் 650 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு. நீலஊதாக் கதிரின் அலைநீளமோ 405 நானோமீட்டர். அலைநீளம் குறையக் குறையக் கதிரின் முனை கூர்மையுறும். பள்ளங்களைச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமைக்கலாம். 1990களில் ஜப்பானிய அறிஞர் ஷூஜி நாகமுரா முதலானோர் நீல ஒளி தரும் சிறு பொருள்களை ஆக்கிக் காட்டிய பின்னரே இவ்வெழுத்தாணி தொழிலாளர் கைக்கு எட்டியது.

கதிர் ஒன்றே, ஆனால் அதனைக் கொண்டு இரு கூட்டத்தார் இரு வேறு தட்டுகளைச் செய்தனர். தோஷிபா நிறுவனம் முன்னின்று செய்தது எச்.டி. டி.வி.டி. எனப்பட்டது. சோனி, பானசோனிக், பிலிப்ஸ் முதலிய நிறுவனங்கள் கூடிச் செய்தது புளூ-ரே எனப்பட்டது.

இவ்விரண்டற்கும் வேறுபாடு யாது? தட்டின் மேற்பரப்பிலிருந்து பள்ளங்கள் எவ்வளவு ஆழத்தில் உள்ளன என்பதே முதன்மையான வேறுபாடு. தோஷிபாவின் தட்டில் ஆழம் 0.6 மில்லிமீட்டர். பழைய டி.வி.டி. தட்டிலும் ஆழம் இதுவே. ஆதலின் பழைய ஆலைகளைச் சிறிது திருத்தியே புதிய தட்டைச் செய்ய இயன்றது. செலவு குறைவு. புளூ-ரே தட்டில் ஆழம் 0.1 மில்லிமீட்டரே. ஆழம் குறைந்தமையால் கதிரை மேலும் கூராக்க முடிந்தது. ஓர் அடுக்கில் 2500 கோடி பைட்டு அளவிற்குச் செய்தியைப் பதிய முடிந்தது. பைட்டு என்பது ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்கப் போதுமான இடம் என்க. தோஷிபாவின் தட்டு ஏற்றது 1500 கோடி. பழைய டி.வி.டி.யோ 470 கோடியே ஏற்கும். ஆனால் புளூ-ரேக்குப் புதிய ஆலைகள் வேண்டியிருந்தன. பள்ளங்கள் மேற்பரப்பை ஒட்டியிருந்தமையால் கீறல் பட்டுக் கெடும் என்ற அச்சமும் இருந்தது. பின்னர்க் கடினமான மேற்பூச்சு ஒன்றைக் கண்டறிந்து அவ்வச்சத்தை நீக்கினர்.

இத்தகைய போட்டி உலகிற்குப் புதிதன்று. ஒளிநாடாக் காலத்தில் சோனியின் பீட்டாமாக்ஸ் 1975ஆம் ஆண்டிலும், அதற்கு எதிரான வி.எச்.எஸ். 1976ஆம் ஆண்டிலும் ஜப்பானில் வெளிவந்தன. தொடக்கத்தில் முன்னது ஒரு மணி நேரமே பதிந்தது. பின்னது இரண்டு மணி நேரம் பதிந்தது. இறுதியில் வி.எச்.எஸ். வென்றது. அத்தோல்வியின் வடுவைச் சோனி நிறுவனம் மறக்கவில்லை போலும். 2005ஆம் ஆண்டில் இரு தரப்பாரும் ஒரே தட்டாக இணைவது பற்றிப் பேசினர், பேச்சு முறிந்தது. என் கருத்தில், வாங்குவோர்க்கு நேர்ந்த இழப்புக்கெல்லாம் வித்து அம்முறிவே.

2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் தோஷிபாவின் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் புளூ-ரே அமெரிக்காவில் வெளிவந்தது. ஆயின், தட்டு எத்துணைச் சிறந்ததாயினும் அதில் படம் இல்லையேல் யாது பயன்? எனவே இரு தரப்பாரும் ஹாலிவுட் படநிறுவனங்களைத் தம்பால் ஈர்க்க முனைந்தனர். யுனிவர்சல் தோஷிபாவைச் சார்ந்தது. டிஸ்னியும் ஃபாக்சும் புளூ-ரேயைச் சார்ந்தன. ஒரு நிறுவனத்தின் படத்தை விரும்பியவன் ஒரு கருவியையும், மற்றொன்றன் படத்தை விரும்பியவன் வேறொரு கருவியையும் வாங்க நேர்ந்தது! இரண்டையும் ஏற்கும் கருவிகள் சில வந்தனவாயினும் அவை நிலைபெறவில்லை.

சோனி நிறுவனம் 2006ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுக் கருவியினுள் புளூ-ரே கருவியை அமைத்துவிட்டது. விளையாடுதற்கென வாங்கியோர் இல்லங்களிலும் அத்தட்டு நுழைந்தது. தோஷிபா விலையைக் குறைத்தது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கடைகள் சிலவற்றில் அதன் கருவி நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. எனினும் 2008ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், அதுகாறும் இரு தட்டுகளிலும் படம் வெளியிட்டு வந்த வார்னர் பிரதர்ஸ் இனிப் புளூ-ரே ஒன்றே என அறிவித்தது. பிப்ரவரி 15ஆம் நாள் வால்மார்ட் என்னும் பெரும் வணிக நிறுவனமும் அவ்வழியே சென்றது. நான்கே நாட்களில், பிப்ரவரி 19ஆம் நாள், தோஷிபா போட்டியினின்று விலகியது. மறு ஆண்டில் அதுவே புளூ-ரே கருவி செய்யத் தொடங்கியது என்பது நகைப்பிற்குரிய செய்தி.

நம் நாட்டில் இப்போரின் வெம்மை மிகுதியாகத் தாக்கவில்லை. 2007ஆம் ஆண்டில் மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. தமிழ்ப் படங்களும் அவ்வாறு வந்தன. மலிவாகப் படம் கிடைத்தபொழுது, விலைமிகுந்த நீலக்கதிர்க் கருவியை நாடியோர் சிலரே.

ஆயின் தோற்ற தட்டுகளை வாங்கியோர் நிலை யாது? தட்டு உடையவில்லை, படம் அழியவில்லை, படிப்பதற்குரிய கருவியே அருகிவிட்டது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக்குச் சென்றால் இதன் கருத்து நன்கு விளங்கும். அங்குப் பாறையில் ஏழு பண்களின் சுரங்கள் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தின் வடிவை நோக்கி அதனைக் கி.பி. ஏழாம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். எழுத்துகளை இன்றும் படிக்கலாம். ஆனால் ஒரே சுரம் வேறுவேறு உயிரெழுத்துகளை ஏற்று நிற்பதன் கருத்து என்ன, அவற்றை எவ்வாறு பாடுவது என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பாறை நிலைத்தது, பாடும் முறை மறைந்தது. நம் இல்லங்களின் பெட்டிகளில் உறங்கும் திருமண ஒளிநாடாக்களின் நிலையும் இத்தகையதே. மறைந்த பாட்டனாரின் குரல் அந்நாடாவினுள் இருக்கின்றது, கேட்பதற்குக் கருவியில்லை. வி.எச்.எஸ். கருவிகளைச் செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016ஆம் ஆண்டில் அதனை நிறுத்திவிட்டது. ஓடும் கருவி எங்கேனும் எஞ்சியிருக்கும்பொழுதே அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றிப் படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

வென்ற புளூ-ரேயும் நெடுங்காலம் தனியரசு செலுத்தவில்லை. இரு தட்டுகளும் பொருதுகொண்டிருந்த 2007ஆம் ஆண்டிலேயே நெட்பிளிக்ஸ் நிறுவனம் இணையத்தின் வழியே படங்களை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், வீட்டில் பதிவு செய்துகொள்ளுதற்குரிய வெற்றுப் புளூ-ரே தட்டுகளைச் செய்வதைச் சோனி நிறுவனமே நிறுத்தியது. படம் பதிந்த தட்டுகள் மட்டும், அவற்றை விரும்புவோர்க்கென, இன்னும் விற்பனைக்கு வருகின்றன.