கணிப்பொறிக்கு வேகம் கூட்டலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணிப்பொறி இல்லாத இல்லம் இன்று அரிது. பிள்ளைகளின் படிப்பும், வீட்டு வரவு செலவும், ஊரிலிருந்து வந்த திருமணப் படங்களும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. அப்பெட்டியைக் காட்டி, "காசு செலவின்றி இதன் வேகத்தைக் கூட்டிவிடுகிறேன், அப்பா" என்று மகன் கூறுங்கால், உடனே தடுப்பதும் உடனே தலையசைப்பதும் முறையன்று. விஷயத்தை அறிந்து விடை கூறுதலே நலம்.

ஓவர்க்ளாக்கிங் எனப்படும் இவ்வித்தையின் அடிப்படை எளியது. மதர்போர்டிலுள்ள ஒரு படிகத்தின் துணையால் இடைவிடாத தாளம் ஒன்று பிறக்கிறது. அத்தாளத்தைப் பிராஸஸர் இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொண்டு, அவ்வேகத்தில் கணக்கிடுகிறது. தாளத்தையோ மடங்கையோ உயர்த்தினால் வேகம் உயரும். 1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி, 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதாக அது விற்கப்பட்டது. மடங்கை மாற்ற இயலாதபடி பூட்டியிருந்தனர். ஆயினும் தாளத்தை 100 ஆக உயர்த்திய பலர் 450 மெகாஹெர்ட்ஸைப் பெற்றனர்!

இஃது எங்ஙனம் கூடிற்று? ஒரே தகட்டில் உருவாகும் பிராஸஸர்கள் யாவும் ஒரே திறமுடையன அல்ல. எல்லாம் பழுதின்றி ஓட வேண்டுமென்று கருதி, ஆலையார் வேகத்தைச் சற்றுக் குறைத்தே குறிக்கின்றனர். அந்த மிச்சமே நமக்குக் கிட்டும் ஊதியம். எதில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். அண்டை வீட்டுக் கணிப்பொறி ஓடிற்று என்பது நம்முடையதற்குச் சாட்சியாகாது.

வேகத்தைக் கூட்டப் பல சமயம் மின்னழுத்தத்தையும் கூட்ட நேரிடும். உழைக்கும் பிராஸஸரின் மின்செலவு வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்க விகிதத்திலும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் உயர்த்தினால் செலவு ஏறக்குறைய 33 சதவீதம் உயரும். வட்டிக்கடைக்காரரும் கேட்கத் தயங்கும் வட்டி இது! அத்தனையும் வெப்பமாகவே வெளிப்படும்.

கணிப்பொறி நின்றுபோனால் குறை தெரிந்துவிடும். நிற்காமலே பிழையாகக் கணக்கிடுவதுதான் பேராபத்து. ஓர் இலக்கம் பிசகும். சேமித்த படமொன்று சிதையும். பல நாள் கழித்தே அது புலப்படும். ரயில் வண்டியின் வேகத்தை உயர்த்துமுன், லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தார் சோதனை ஓட்டம் நடத்தி அதிர்வுகளை அளக்கின்றனர். வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் போதிய அத்தாட்சியன்று. கணிப்பொறிக்கும் அதுவே விதி.

முதலில் வேண்டியவற்றையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்க வேண்டும். பின்னர் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டும். இதற்குப் பிரைம்95 என்னும் மென்பொருள் பெயர் பெற்றது. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் ஆக்கியது அது. விடை முன்பே தெரிந்த கடுங்கணக்குகளைப் பிராஸஸருக்குக் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும், பிசகினால் அறிவிக்கும். பத்து நிமிஷ ஓட்டம் போதாது. இரவு முழுதும் ஓட்டுதல் வேண்டும். நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 உண்டு. பிழை தோன்றிய இடத்திலிருந்து இரண்டு படி இறங்கி நிற்பதே விவேகம்.

வடநாட்டில் வாழும் நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. ஜனவரியில் அறை 15 டிகிரியாகவும் பிராஸஸர் 75 டிகிரியாகவும் இருந்தால் வித்தியாசம் 60. மே மாதத்தில் அறை 40 ஆகும்போது அதே உழைப்பில் பிராஸஸர் 100 டிகிரியை எட்டும். அந்நிலையில் பல பிராஸஸர்கள் தம்மைக் காக்கத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் பெற்ற தேர்ச்சி கோடைக்குச் செல்லாது. சோதனையை மீண்டும் நடத்த வேண்டும்.

2008 முதல் இன்டெல் பிராஸஸர்கள் டர்போ பூஸ்ட் என்னும் முறையால், வெப்பமும் மின்சாரமும் இடந்தரும் அளவுக்குத் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. ஆதலின் நாம் கையால் கூட்டிப் பெறும் லாபம் பழைய செலரானைப் போன்றதன்று. வேகம் கூட்டியதால் நேரும் சேதத்தைக் கம்பெனியின் உத்தரவாதம் பொதுவாக ஏற்பதுமில்லை.

வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றாயின், அதை ஆலையார் குறித்த வேகத்திலேயே ஓட விடுக. பழைய கணிப்பொறி மற்றொன்று இருப்பின் அதைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்து, ஒவ்வொரு படியின் வேகம், வெப்பம், சோதனை முடிவு மூன்றையும் நோட்டில் குறித்துவரச் சொல்லுக. ஊகத்தை நம்பாது அளந்தறியும் பழக்கம் அவர்களுக்கு அதனால் வாய்க்கும்.