பாஸ்டனில் உறை ஊற்றிய கதை

2006 அக்டோபர். பாஸ்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் கம்பெனி வேலையாக இருந்தேன். போடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் தங்கிவிட்டுப் போக வந்திருந்தார்கள். அப்பா ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. சாப்பாட்டில் எதை வேண்டுமானாலும் விடுவார். ஆனால் கடைசிச் சோற்றுக்குத் தயிர் இல்லாவிட்டால் கை கழுவ மாட்டார்.

நானும் சூப்பர் மார்க்கெட்டில் கொழுப்புக் குறைந்த தயிராகப் பார்த்து வாங்கி அடுக்கினேன். முதல் நாளே, "லேசா இனிக்குதேடா" என்றார். "இந்த ஊர்ப் பாலே அப்படித்தாம்பா" என்று சொல்லிவிட்டேன். எலுமிச்சை ஊறுகாயோடு அவரும் பத்து நாள் சாப்பிட்டார். பதினோராம் நாள் காலை வெறும் வயிற்றில் மீட்டர் 210 காட்டியது. ஊரில் 140-ஐத் தாண்டாதவர். அப்போதுதான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பொருள் பட்டியலில் பாலுக்கு அடுத்து சர்க்கரை. முன்பக்கம் பொடி எழுத்தில் வனிலா. வெள்ளையாக இருந்ததை வெறும் தயிர் என்று நம்பி எடுத்து வந்திருக்கிறேன். பயணக் களைப்பு, நேரம் மாறின மாத்திரை என்று வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தவன் நான்.

மறுநாள் 'பிளெயின்' என்று போட்ட டப்பாவைத் தேடிப் போனேன். 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். ஊட்டச்சத்துக் கட்டத்தில் சர்க்கரை 11 கிராம் என்று இருந்தது. இதிலுமா என்று திரும்ப வைத்துவிட்டேன். அதுவும் தப்பு. பாலிலேயே 100 கிராமுக்கு ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. உறையும்போது பாக்டீரியா அதில் ஒரு பகுதியைத்தான் அமிலமாக்கும், மீதி அப்படியே தயிரில் இருக்கும். போடியில் அம்மா உறை ஊற்றும் தயிருக்கு லேபிள் ஒட்டினாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். அன்றைய அமெரிக்க லேபிளில் பாலின் சர்க்கரையும் கொட்டின சர்க்கரையும் ஒரே வரியில் இருந்தன. 'சேர்த்த சர்க்கரை' என்று தனி வரி போட 2016-ல் விதி வந்து, பெரிய கம்பெனிகளுக்கு 2020-ல் கட்டாயமானது. அந்த வரி இல்லாத நாடுகளில் எண்ணை விட்டுவிட்டுப் பொருள் பட்டியலைப் படியுங்கள். பாலும் பாக்டீரியாவும் மட்டும் இருந்தால் நம்ம தயிர். சைவக்காரர்கள் ஜெலட்டின் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருக்கச் சிலர் சேர்ப்பார்கள், அது மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து வருவது.

புளித்த தயிரை எதற்கு இனிப்பாக்கினார்கள்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 1905-ல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் தன் ஊர்த் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகோவ் அதைப் பிடித்துக்கொண்டு, தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று பிரபலமாக்கினார். ஐசக் கராஸோ 1919-ல் பார்சிலோனாவில் டானோன் கம்பெனியைத் தொடங்கியபோது தயிர் விற்ற இடம் மருந்துக்கடை! அவர் மகன் டேனியல் போர்க்காலத்தில் அமெரிக்கா வந்து, 1942-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டானன் என்று பெயர் மாற்றி வியாபாரம் ஆரம்பித்தார். குடியேறி வந்தவர்களைத் தாண்டி அந்தப் புளிப்பை யாரும் தொடவில்லை. 1947-ல் டப்பாவின் அடியில் பழ ஜாம் போட்டார்கள், விற்பனை பிடித்துக்கொண்டது. ஜப்பானில் 1973-ல் வந்த மெய்ஜி பல்கேரியா தயிரோ வெறும் தயிர்தான். ஆனால் டப்பாவோடு சின்னச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வெகுகாலம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் எனக்குக் கிடைத்த வெறும் தயிரின் பெயர் 'கொலம்போ'. இலங்கைக்காரர் யாரோ போடுகிறார்கள் என்று சந்தோஷமாக வாங்கினேன். சம்பந்தமே இல்லை. சர்கிஸ், ரோஸ் கொலம்போசியன் என்ற ஆர்மீனியத் தம்பதி 1929-ல், நான் இருந்த ஊருக்குப் பக்கத்து ஆண்டோவரில், தங்கள் ஊர்த் தயிரை வீட்டில் செய்து விற்க ஆரம்பித்தது. நீளப் பெயர் அமெரிக்க வாயில் நுழையாததால் பாதியாக வெட்டிவிட்டார்கள். பிறகு ஜெனரல் மில்ஸ் கைக்குப் போய் 2010-ல் நின்றுபோனது. அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "யாரு போட்டா என்ன, புளிக்குது" என்றார். பாராட்டுதான்.

கடைத் தயிர் கிடைத்தும் வீட்டில் உறைய வைக்கத்தான் நினைத்தேன். முதல் மூன்று முறை தோல்வி. சமையலறை 18 டிகிரி. பதினான்கு மணி நேரம் கழித்தும் பால் பாலாகவே இருந்தது, ஒரு முறை நூல் நூலாக இழுத்தது. போனில் அப்பத்தாவைக் கேட்டேன். அவள் இளவயதில் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில் இருந்தவள். போடி வெயிலில் சும்மா மூடி வைத்தாலே ராத்திரிக்குள் உறைகிற பால், போடிமெட்டு ஏறினதும் சண்டித்தனம் பண்ணும். "ஏய்யா, குளிருல பாலு எப்படிறா உறையும்? தூக்குவாளியக் கம்பளியில சுத்தி அரிசி மூட்டைக்குள்ள பொதைச்சு வையி. நாங்க அப்படித்தான் வப்போம்" என்றாள். ஆயிரம் மீட்டருக்கு மேலே அவள் கண்டுபிடித்த தீர்வு, பாஸ்டனுக்கும் அதேதான்.

உறைவது என்றால் என்ன? பாலின் பிஎச் 6.6 அல்லது 6.7. பாக்டீரியா லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலம் விட விட, அது இறங்கி 4.6 பக்கம் வரும்போது கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலை பின்னி, தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு முக்கியம். கடைத் தயிரில் இருக்கிற பல்காரிகஸ், தெர்மோஃபிலஸ் இரண்டுக்கும் 42, 43 டிகிரி வேண்டும். நம்ம வீட்டு உறைமோரில் பெரும்பாலும் லாக்டோகாக்கஸ் வகைகள், அவற்றுக்கு 30 பக்கம் போதும். நான் கடைத் தயிரை உறை ஊற்றிவிட்டு, வீட்டு மோருக்குரிய சூடுகூடக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். ப்ரோகிராம் சரி, ஓடுகிற மெஷின்தான் தப்பு.

இன்னொரு தப்பு, பாலைக் காய்ச்சாமல் விட்டது. கிருமிதான் ஏற்கனவே செத்துவிட்டதே, எதற்குக் காய்ச்சணும் என்று எண்ணினேன். சாதாரண பாஸ்சரைஸ் 72 டிகிரியில் 15 விநாடிதான். 85 டிகிரி வரை ஏற்றிச் சில நிமிஷம் வைத்தால் பாலின் இன்னொரு புரதம், பீட்டா லாக்டோகுளோபுலின், சுருள் அவிழ்ந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கிறது. தயிர் கெட்டியாவது அதனால்தான். அம்மா பொங்க விட்டு இறக்கியது இதைத்தான் செய்தது. ஐரோப்பாவில் அலமாரியில் விற்கிற, மாதக்கணக்கில் கெடாத பால் மிகுந்த சூடு பட்டது. அதிலும் உறையும், கொஞ்சம் இளகலாக. இரண்டு ஸ்பூன் பால்பவுடர் சேர்த்தால் சரியாகிவிடும்.

என் கடைசி முறை இது. முழுக்கொழுப்புப் பால் ஒரு லிட்டரைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆற விடுவேன். ஒரு ஸ்பூன் தயிரை நன்றாகக் கலக்கி, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு, துண்டு சுற்றி உள்ளே வைப்பேன். இடையில் ஆட்டக்கூடாது. எட்டு மணி நேரம். கடைத் தயிரை ஆரம்பமாக வைத்தால் நாலைந்து முறையில் உறை பலம் போகும், புது டப்பா வாங்கணும். வீட்டு உறை வருஷக்கணக்கில் ஓடும்.

அந்த வீட்டு உறைக்கு எங்கே போவது? அம்மா பச்சை மிளகாயின் காம்புகளைக் கிள்ளி வெதுவெதுப்பான பாலில் போட்டாள். வேலை செய்வது காரம் இல்லை, காம்பில் ஒட்டியிருக்கிற பாக்டீரியா. முதல் ஈடு தண்ணியாக, ஒரு மாதிரி வாசனையோடு வந்தது. அதை நாங்கள் சாப்பிடவில்லை, ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு ஊற்றினோம். மூன்றாவது ஈட்டில் கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர். அப்பாவின் மீட்டர் அதற்குள் 150-க்கு இறங்கியிருந்தது. அவர்கள் கிளம்புகிற அன்று அம்மா அந்த உறையை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஊர் சுற்றப் போய்த் தயிரைக் கெட்டுப்போக விட்டுவிட்டால், ஒரு கட்டியை எடுத்து உருக்கினால் போதும் என்று. இரண்டே மாதத்தில் அது தேவைப்பட்டது.