வண்டிக்குத் தார்ப்பாய் வாங்கப் போகிறீர்களா? எடை போட்டு வாங்குங்கள்!

குறுவை அறுவடை முடிந்து, நெல்லைக் காயவைத்து, மூட்டை பிடித்து, வாடகைக்குப் பேசிய பிக்கப் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கொள்முதல் நிலையம் எட்டு கிலோமீட்டர்தான். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து அவசரமாகப் போர்த்துகிறார். நிலையத்தில் போய்ப் பிரித்துப் பார்த்தால் மேல் வரிசை மூட்டைகள் காய்ந்துதான் இருக்கின்றன. அடி வரிசைதான் நனைந்து, சாக்கு கறுத்துக் கிடக்கிறது.

இது உங்களில் பலருக்கு நடந்திருக்கும். மேலே போர்த்தியும் அடியில் எப்படி நனைந்தது? தார்ப்பாய் அளவில் சிறியது. ஓரத்தைத் தொட்டியின் பக்கப் பலகைக்கு வெளியே தொங்கவிட முடியாமல் உள்ளே செருகிவிட்டார்கள். மேலே விழுந்த தண்ணீர் முழுவதும் அந்த ஓரம் வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, அடியில் தேங்கிவிட்டது. அந்தத் தார்ப்பாய் மழையைத் தடுக்கவில்லை. மழையை அடி மூட்டைக்கு வழிகாட்டி அனுப்பியிருக்கிறது.

நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை அதிகமான பருவங்களில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டும் கொஞ்சம் தளர்த்துவார்கள். மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்து, கூலி கொடுத்துக் கிளறிக் காயவைத்த நெல்லை அரை மணி நேரப் பயணத்தில் நனைத்துக்கொண்டு போய் நிற்பதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. வண்டி சொந்தமோ வாடகையோ, சரக்கு உங்களுடையது. எனவே தார்ப்பாயும் உங்களுடையதாக இருப்பது நல்லது.

முதலில் அளவு

கடைக்குப் போகும் முன் வண்டியின் தொட்டியை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறிய வண்டிக்குச் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம் இருக்கும். பிக்கப் வண்டிகளில் 8 அடி, 9 அடி என்று மாடலுக்கு மாடல் மாறும். ‘எல்லா பிக்கப்புக்கும் இது சேரும் அண்ணே’ என்று கடைக்காரர் எடுத்துப் போடுவதை வாங்கி வராதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொட்டி 9 அடிக்கு ஐந்தரை அடி. மூட்டைகளைப் பக்கப் பலகைக்கு மேல் 2 அடி உயரம் அடுக்குகிறீர்கள். அப்படியானால் நீளத்தில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடி உயரத்துக்கும், ஒவ்வோர் அடி வெளியே தொங்கவும் வேண்டும். மொத்தம் 15 அடி. அகலத்தில் இதே கணக்கில் பதினொன்றரை அடி. ஆக, 15-க்கு 12 தார்ப்பாய் வேண்டும். பலகை மட்டத்துக்குள்ளேயே சரக்கு அடங்கும் என்றால் 12-க்கு 9 போதும்.

இன்னொரு விஷயம். பல தார்ப்பாய்களில் எழுதியிருப்பது வெட்டும்போது இருந்த அளவு. ஓரம் மடித்துத் தைத்த பிறகு அரை அடி வரை குறைந்திருக்கும். கடையிலேயே விரித்து அளக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கையால் தடவிப் பார்த்தால் தெரியாது

தார்ப்பாயின் தரத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. 200 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் 200 கிராம். நாம் என்ன செய்கிறோம்? விரலால் தடவிப் பார்த்து, ‘நல்ல கனமா இருக்கு’ என்று வாங்கிவிடுகிறோம். மொடமொடப்பாக இருப்பதெல்லாம் கனமானது அல்ல. அட்டையில் அச்சடித்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இதற்கு எளிய வழி தராசு. 12-க்கு 9 தார்ப்பாய் 108 சதுர அடி. அது ஏறக்குறைய 10 சதுர மீட்டர். உண்மையிலேயே 200 ஜி.எஸ்.எம். என்றால் மடித்த தார்ப்பாய் 2 கிலோ இருக்க வேண்டும். 1 கிலோ 400 கிராம்தான் இருக்கிறது என்றால் உங்களுக்குக் கொடுத்திருப்பது 140 ஜி.எஸ்.எம். ஓரக் கயிறு, வளையங்களின் எடையும் அதில் சேர்ந்திருப்பதால் துணி அதைவிடவும் குறைவு. வேறு அளவு என்றால் அடிக்கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, வருவதை 0.093 ஆல் பெருக்குங்கள். அது சதுர மீட்டர். அதை ஜி.எஸ்.எம். எண்ணால் பெருக்கினால் கிராமில் எடை வந்துவிடும். செல்போனில் ஒரு நிமிட வேலை. களப்பணியாளர்கள் உழவர் குழுக் கூட்டங்களில் ஒரு சிறு தராசை வைத்து இதைச் செய்து காட்டலாம்.

எந்த ரகம்?

கடைகளில் அதிகம் கிடைப்பது எச்.டி.பி.இ. இழையில் நெய்து, இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த சாதாரணத் தார்ப்பாய். இதற்கு ஐ.எஸ். 7903 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதா என்று பாருங்கள். வண்டிக்கு 200 ஜி.எஸ்.எம்.முக்குக் குறைவாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லியது காற்றில் படபடத்தே கிழிந்துவிடும். வெயில் தாங்கும் புற ஊதாப் பாதுகாப்பு கொடுத்ததா என்றும் கேளுங்கள். அது இல்லாத தார்ப்பாய் ஒரு கோடையிலேயே பொரிந்து, தடவினால் செதில் செதிலாகக் கையோடு வரும்.

சில்பாலின் என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்களே, அது நெசவு இல்லாத பல அடுக்குத் தாள். எடை குறைவு, நீர் கசியாது. ஆனால் தகரப் பலகையின் கூர் விளிம்பில் தொடர்ந்து உரசினால் தாங்காது. களத்துக்கும் குட்டைக்கும் அது சரி. வண்டிக்கு இரண்டாம்பட்சம்தான்.

லாரிகளில் போடும் பி.வி.சி. படுதா கனமானது. 12-க்கு 9 அளவில் 500 ஜி.எஸ்.எம். என்றால் 5 கிலோ வரும். தினமும் சந்தைக்கு ஓடும் வண்டி என்றால் இதுவே லாபம். பழைய கித்தான் படுதா இப்போது குறைந்துவிட்டது. அதற்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் மூச்சு விடும், அதனால் உள்ளே வியர்க்காது. ஆனால் நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது, ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும்.

வாங்குவதற்கு முன் வெயிலில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நட்சத்திரம் போல ஊசித் துளைகள் தெரிந்தால் வேண்டாம். கட்டும் வளையங்களையும் இழுத்துப் பாருங்கள். தார்ப்பாய் முதலில் பிய்வது அங்கேதான். ஓர மடிப்புக்குள் கயிறு ஓடியிருந்து, வளையம் அந்த மடிப்பின் மேல் அடிக்கப்பட்டிருந்தால் தாங்கும்.

காய்கறிக்கு இதே தார்ப்பாயா?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். நெல்லுக்கு வாங்கிய தார்ப்பாயையே தக்காளிக்கும் கீரைக்கும் இழுத்துப் போர்த்திவிடுகிறோம். காய்கறி அறுத்த பிறகும் சுவாசிக்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. பிளாஸ்டிக் தார்ப்பாய் அதை வெளியேற விடாது. மதியம் ஏற்றி, காய் மேல் ஒட்டப் போர்த்தி, இரவு ஒட்டன்சத்திரம் சந்தையில் பிரித்தால் உள்ளிருந்து ஆவி முகத்தில் அடிக்கும். மேல் வரிசைக் காய் வெந்தது போல இருக்கும். வியாபாரி அந்த வரிசையைப் பார்த்துத்தான் மொத்தத்துக்கும் விலை சொல்வார். சின்ன வெங்காயத்துக்கு இன்னும் மோசம். அதற்குக் காற்றுதான் உயிர்; வியர்த்தால் அழுகல் தொடங்கிவிடும்.

மழை இல்லாத நாளில் காய்கறிக்கு 50 சதவீத நிழல்வலை போதும். வெயிலைப் பாதி தடுக்கும், காற்றை விடும். கீரை, கொத்தமல்லிக்கு நனைத்த சாக்கைப் போட்டு அதன் மேல் வலையைக் கட்டலாம். மழை நாளில் தார்ப்பாய் தேவைதான். அப்போதும் காய்க்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். நிறம் வெள்ளை அல்லது வெள்ளி மேல்புறமாக இருந்தால் சூடு குறையும். கறுப்பு வேண்டாம். ஆக, ஒரே விலை உயர்ந்த தார்ப்பாய்க்குப் பதில் நடுத்தரமான தார்ப்பாய் ஒன்றும், நிழல்வலை ஒன்றும் வாங்குவதே காய்கறி விவசாயிக்குச் சரி.

நெல்லிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இயந்திரத்தில் அறுத்த ஈர நெல்லை ஏற்றி, கொள்முதல் நிலைய வரிசையில் இரவு முழுக்க இறுக மூடி வைத்தால் சூடேறி நிறம் மாறும். மழை விட்டதும் ஓரத்தைத் தூக்கிக் காற்று விடுங்கள்.

வளைவுக் கம்பி

அடிக்கடி ஓட்டுபவர்கள் தொட்டியின் மேல் மூன்று, நான்கு வளைவுக் கம்பிகளைப் பொருத்திக்கொள்ளலாம். காய்க்கு மேல் இடைவெளி தானாகக் கிடைக்கும். தண்ணீரும் தேங்காது. தட்டையாகக் கட்டிய தார்ப்பாயில் ஒரு மீட்டர் சதுரத்தில் சராசரி 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே 50 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் காய்ப் பெட்டி மேல்தான் இறங்கும். கம்பியைக் கழற்றி மாட்டும்படி செய்வது நல்லது. நிரந்தரமாகப் பற்றவைப்பதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தார்ப்பாயின் முன் ஓரத்தைக் கேபின் பக்கத்தில் நிலையாகக் கட்டி, பின்னாலிருந்து சுருட்டும்படி வைத்தால் ஒரே ஆள் திறந்து மூடலாம்.

கட்டுவதில்தான் ஆயுள்

முன் ஓரத்தை முதலில் கட்டுங்கள். காற்று அங்கிருந்துதான் புகும். இரண்டு தார்ப்பாய்களைச் சேர்த்துப் போர்த்தினால் முன்னதன் ஓரம் பின்னதன் மேல் வர வேண்டும், ஓடு வேய்வது போல. மாற்றிப் போட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். கயிற்றை நேராக மட்டும் இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கட்டினால் படபடப்பு அடங்கும். பலகை முனைகளில் பழைய டியூப் துண்டைச் செருகி அதன் மேல் தார்ப்பாய் படிய வையுங்கள். ஓரம் பலகைக்கு வெளியே தொங்கட்டும்; ஆனால் நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் மறைக்கக் கூடாது, சக்கரத்தில் மாட்டும் அளவுக்கு நீளக் கூடாது. மூட்டைக்கு அடியில் வைக்கோலோ மரச்சட்டமோ பரப்பினால் கசிந்த தண்ணீரும் சாக்கைத் தொடாது.

களத்தில் நெல் காயவைக்கும் தார்ப்பாயை வண்டிக்கு எடுக்காதீர்கள். பலகை இழுத்து, கல் குத்தி, அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். பூச்சிமருந்து, உர மூட்டைக்குப் போர்த்தியதைக் காய்கறி மேல் போடவே கூடாது.

கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்டும் சொலூஷன் எச்.டி.பி.இ. தார்ப்பாயில் பிடிக்காது. அதே துணியில் ஒட்டுப் போட்டுத் தைத்து, இருபுறமும் தார்ப்பாய் டேப் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் உலர்த்தி, உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் மடித்துப் போட்டால் எலி குடும்பம் நடத்திவிடும்.

வேளாண்மைத் துறை சில திட்டங்களின் கீழ் தார்ப்பாயை மானியத்தில் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் வட்டாரத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். உழவன் செயலியிலும் மானியத் திட்டங்களைப் பார்க்கலாம். கையொப்பமிட்டு வாங்கும் முன் அதையும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.